உடம்புச்சூடு

முனியராஜ் அடுத்தவர் கண்ணெதிரே சட்டையைக் கழற்றி நாலு வருசத்துக்கு மேலாகிறது. சித்திரை வெயிலில் சிவகாசிப் பக்கத்துத் தாயில்பட்டிக் கரிசல் பாளம் பாளமாக வெடித்து, தெருநாய்கள் அடிகுழாய்ச் சகதியில் போய்ப் படுத்துக்கொள்கிற நாட்களில்கூட, அவன் முழுக்கைச் சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை மாட்டிக்கொண்டுதான் தெருவில் இறங்குவான். கல்யாணமாகி ரெண்டரை வருசம். வேல்விழிகூட அந்த நெஞ்சைப் பகல் வெளிச்சத்தில் பார்த்ததில்லை. பார்க்கக் கேட்டதும் இல்லை.

முன்னே அவன் ஒரு வெடி ஆபீசில், அதாவது பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து கலக்குகிறவனாக இருந்தான். வெயில் ஏறுவதற்குள் கலவையை முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பதால் காலை ஆறு மணிக்கெல்லாம் அறைக்குள் நுழைந்துவிடுவான். இரும்பு எதுவும் உள்ளே வரக்கூடாது. பித்தளைக் கரண்டி, மரத் துடுப்பு, துணிச் சல்லடை, அவ்வளவுதான். அலுமினியப் பொடியில் ஈரம் பட்டுவிட்டால் அது தன்னால் சூடேறத் தொடங்கும். புகையாது, கண்ணுக்கும் தெரியாது. அதனால் பத்து நிமிசத்துக்கு ஒருதரம் தொட்டியோரத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பான். உள்ளங்கை காய்த்துப்போனது, அதை நம்ப முடியாது என்பான். அன்றைக்கும் அப்படித்தான், பக்கத்துத் தொட்டி வெதுவெதுப்பாக இருப்பதைக் கண்டுகொண்டு, கூட நின்ற ரெண்டு பேரையும் பிடரியில் கைகொடுத்து வெளியே தள்ளினான். அவன் வாசலைத் தாண்ட ஒரு எட்டு பாக்கி இருந்தது.

தொடையிலிருந்து தோலெடுத்து நெஞ்சில் ஒட்டினார்கள். நாலு மாசத்தில் ஆறிவிட்டது. ஆனால் கழுத்துக்குழியிலிருந்து தொப்புளுக்கு மேல்வரை இருந்த அந்தத் தோலுக்கு வேர்க்கத் தெரியவில்லை. நடுவில் ஒரு சாண் அகலத்துக்குத் தொட்டாலும் தெரியாது. மத்தியானமானால் உடம்பு உலைப்பானை மாதிரி ஆகிவிடும். இப்போது வேறொரு கம்பெனியில் பெட்டி ஒட்டுகிற வேலை, நிழல் வேலை. பனியனுக்குள் ஈரத்துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

சித்திரை பிறந்த வாக்கில் வேல்விழிக்கு எட்டாம் மாசம் தொடக்கம். பட்டாசுச் சரம் பின்னிக்கொண்டிருந்தவள் கண் இருட்டுகிறது என்று சுவரைப் பிடித்தாள். கால் ரெண்டும் வீங்கியிருந்தன. ஆம்புலன்சில் போகும்போதே வலிப்பு வந்துவிட்டது. விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் இனி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது என்று வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண்பிள்ளை. ஒரு கிலோ நானூறு. ஒரு கருவாட்டுக் கூடை எடைகூட இல்லையே என்று முனியராஜின் அக்கா பத்திரகாளி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பத்து நாள் பிள்ளையைச் சூடு கொடுக்கிற மெஷினுக்குக் கீழே வைத்திருந்தார்கள். மூச்சு நேரானதும் பக்கத்து வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே மெஷின் கிடையாது. தாய்மார்கள்தான் மெஷின். பிள்ளையை வெற்று நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு சாய்ந்திருக்க வேண்டும். ஆனால் வேல்விழி மாடி வார்டில் கிடந்தாள். தையல் போட்ட இடம் சீழ்வைத்துக் காய்ச்சல் அடித்தது. முதல் ரெண்டு நாள் பத்திரகாளி பிள்ளையை வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காலை அவள் இருமினாள். தொட்டுப் பார்த்தால் காய்ச்சல்.

நர்ஸ் ஹெப்சிபா அவளை அந்த நிமிசமே வெளியே போகச் சொல்லிவிட்டாள். இருபத்தைந்து இருபத்தாறு வயசு, சாத்தூர்க்காரி, மெலிந்த உடம்பு, அதிராத பேச்சு.

"கோவிச்சுக்கிறாதீக அக்கா. உங்களுக்குச் சாதாரணச் சளி. இதுக்கு ஒட்டுச்சுன்னா தாங்காது. வராந்தாவுல இருங்க. பிள்ளைக்கு வேற ஆள் யார் இருக்கா?"

"வேல்விழியோட ஆத்தா செத்துப்போனா. எங்களுக்கும் ஆத்தா இல்ல. இருக்குறது என் தம்பிதான்."

"அவரை வரச்சொல்லுங்க."

முனியராஜ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். எட்டுக் கட்டில். ஒன்றில் அவன் பிள்ளை மட்டும் கிடந்தது, மற்ற ஏழிலும் பெண்கள், நெஞ்சில் பிள்ளைகளோடு சாய்ந்திருந்தார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

ஹெப்சிபா பிள்ளையின் வயிற்றில் புறங்கையை வைத்தாள். பிறகு பாதத்தில் வைத்தாள்.

"நீங்களும் தொட்டுப் பாருங்கண்ணே."

அவன் கையைத் திருப்பிப் புறங்கையால்தான் தொட்டான். அவள் அதைக் கவனித்தாள். வயிறு லேசான சூடு. பாதம் அவன் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. தண்ணீர்ப்பானையின் விலா மாதிரி சில்லென்று இருந்தது.

"உடம்புச்சூடு முப்பத்தஞ்சு புள்ளி எட்டு டிகிரி காட்டுது. முப்பத்தாறரைக்குக் கீழ எறங்கக்கூடாது. எறங்குனா குடிக்கிற பாலையெல்லாம் சூட்டுக்கே செலவழிச்சிரும், எடை ஏறாது. இன்னும் எறங்குனா மூச்சை மறந்துரும்."

"வெளிய அம்புட்டு வெயிலு அடிக்கிது சிஸ்டர். நிக்க முடியல. அதுல பிள்ளைக்கு எப்படிக் குளுரும்?"

"வெளிய அடிக்கட்டும். இந்த ரூமுக்குள்ள முப்பதுதான். உங்களுக்கும் எனக்கும் அது புளுக்கம். இதுக்குப் பனி மாதிரி. நம்ம தோலுக்கடியில கொழுப்பு இருக்கு, போர்வை கணக்கா. இதுக்கு அது இன்னும் விளையல. சூடு தன்னால ஓடிக்கிட்டே இருக்கு. காத்துக்குப் போகுது, கட்டிலுக்குப் போகுது."

"அப்ப நல்லாப் போத்தி வைப்போம். நான் போயி ஒரு கம்பளி வாங்கியாறேன்."

"கம்பளி சூடு குடுக்காதுண்ணே. உள்ள இருக்குற சூட்டை வெளிய விடாது, அம்புட்டுதான். மீன்காரங்க ஐஸுக்கு மேல சாக்கு போடுறாங்க. சாக்கு ஐஸைச் சூடாக்குதா? வெளிச் சூட்டை உள்ள விடாம வைக்கிது. இதுக்கிட்ட இருக்குறதே கொஞ்சூண்டு. மொதல்ல யாராவது சூடு குடுக்கணும்."

அவனுக்கு அது விளங்கியது. விளங்கியதால்தான் பயம் வந்தது. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்.

"எனக்கு நெஞ்சு வெந்துபோனது சிஸ்டர். ஒட்டுப்போட்ட தோலு. வேர்க்காது, தொட்டாத் தெரியாது. செத்த தோலுல ஏது சூடு? என்கிட்டக் குடுத்து பிள்ளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா..."

"காட்டுங்க."

அவன் நிமிர்ந்து கட்டில்களைப் பார்த்தான். ஹெப்சிபா பச்சைத் திரையைச் சுற்றி இழுத்துவிட்டாள். அவன் பொத்தான்களை ஒவ்வொன்றாக, ஏதோ மறந்துபோன வேலையைச் செய்கிறவன் மாதிரி கழற்றினான். ஈரத்துண்டை உருவி எடுத்தான். அவள் முகம் சுளிக்கவில்லை, உச்சுக்கொட்டவும் இல்லை. கடையில் துணியைத் தடவிப் பார்ப்பதுபோல் அந்த மேடுபள்ளத்தில் புறங்கையை வைத்து எடுத்தாள்.

"நல்லாச் சூடா இருக்கே. என்னைவிட ஒருபடி கூடவே இருக்கு. தோலு மேல கிடக்கிற துணி மாதிரிண்ணே. சூடு ரத்தத்துல வருது. ரத்தம் உள்ள ஓடத்தான செய்யிது?"

"ஓடுது."

"அப்ப உக்காருங்க. நெஞ்சு மொதல்ல காயட்டும். ஈரத்தோட வச்சா அது சூட்டை இழுத்துக்கும்."

பிள்ளைக்குக் குல்லா போட்டு, இடுப்புத்துணி கட்டி, காலுறை மாட்டி, தவளையை ஒட்டவைத்ததுபோல் அவன் நெஞ்சில் குப்புறப் படுக்கவைத்தாள். தலையை ஒரு பக்கமாகத் திருப்பினாள். அகலத்துணியால் இருவரையும் சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

முனியராஜ் காத்திருந்தான். ஒன்றும் தெரியவில்லை. கழுத்துக்குழி ஓரத்தில் மட்டும் பூனைமுடி படுகிற மாதிரி ஒரு கூச்சம். மற்றபடி நெஞ்சின்மேல் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் இருந்தது.

"சிஸ்டர், மூச்சு விடுறாளா? எனக்குத் தெரியலையே."

"விடுது. கண்ணால பாருங்க. முதுகு ஏறி எறங்கும்."

அன்று காலை முழுக்க அவன் வேறெங்கும் பார்க்கவில்லை. குல்லா லேசாக அசையும். நிற்கும். அவன் உடம்பு விறைக்கும். மறுபடி அசையும். ரெண்டு நிமிசத்துக்கு ஒருமுறை துணிக்குள் கையை விட்டுப் புறங்கையை அந்த முதுகில் வைத்துப் பார்த்தான். தொட்டி பார்த்த கை. அப்போதெல்லாம் சூடு இருக்கக்கூடாதே என்று தொட்டது, இன்று இருக்க வேண்டுமே என்று தொட்டது.

ஒரு மணி நேரம் கழித்து முப்பத்தாறு இரண்டு. ஹெப்சிபா தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள். வேல்விழியிடம் பீய்ச்சி வாங்கி வந்த பாலைப் பாலாடைச் சங்கில் ஊற்றி வாயோரமாகப் புகட்டினாள். பதினைந்து மில்லி. அதைக் குடிக்க அரை மணி நேரம் ஆனது.

மத்தியானம் ஒரு மணிக்குமேல் முனியராஜுக்கு உடம்பு கொதிக்கத் தொடங்கியது. பிள்ளைமேல் காற்றுப் படக்கூடாதென்று அந்தக் கட்டிலுக்கு மேலிருந்த விசிறியை நிறுத்தியிருந்தார்கள். வெந்த நெஞ்சுக்குமேல் ஒரு பிள்ளை, அதற்குமேல் துணி. முதுகும் கையும் வேர்த்து வழிந்தன. அது போதவில்லை. காது அடைத்தது, எதிரே இருந்த சுவர் மெதுவாகச் சாய்வதுபோல் இருந்தது. சொன்னால் பிள்ளையை எடுத்துவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்ற பத்திரகாளிதான் பார்த்தாள். முந்தானையால் வாயைக் கட்டியிருந்தாள்.

"சிஸ்டரு, இங்கன வாங்க. என் தம்பி மொகம் செங்கலாச் செவந்துபோச்சு. அவனுக்கு வெக்கை ஏறுனா மயக்கம் போட்டு விளுந்துருவான்."

ஹெப்சிபா ஓடிவந்து முடிச்சில் கை வைத்தாள்.

"எடுக்காதீக," என்றான் முனியராஜ். நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு குழறியது. "ஒரு தொட்டியில தண்ணி கொண்டாங்க. காலை உள்ள விட்டுக்கிறேன்."

"விழுந்துட்டீகன்னா?"

"விளமாட்டேன். சூடு எறங்க வழியில்லாமத்தான் இப்படிக் கிடக்கு. மேல வழியில்ல. கால் வழியா எறங்கட்டும். தண்ணியை மாதிரி சூட்டைக் குடிக்கிற சாமான் வேற இல்ல. மருந்துத் தொட்டி வெதுவெதுன்னா அதைத்தான் செய்வோம், உள்ள ஈரம் படாம வெளிப்பக்கம் ஈரச்சாக்கைச் சுத்தி..." அவன் நிறுத்திக்கொண்டான். "கொண்டாங்க சிஸ்டர்."

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு துணிமுடிச்சை விட்டுவிட்டுத் தண்ணீருக்குச் சொன்னாள்.

பத்திரகாளி வராந்தாக் குழாயில் வாளியைப் பிடித்து வாசற்படிவரை கொண்டுவந்து வைத்தாள். அதற்குமேல் அவள் வரக்கூடாது. பக்கத்துக் கட்டில்காரி இன்பம் எழுந்தாள். வெம்பக்கோட்டைப் பக்கம் பள்ளிக்கூட டீச்சர், நெஞ்சில் தன் பிள்ளையைக் கட்டிக்கொண்டே வந்து, பிளாஸ்டிக் தொட்டியைக் காலால் தள்ளித் தள்ளி முனியராஜின் கட்டிலடிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். ஆயாம்மா தண்ணீரை ஊற்றினாள். முனியராஜ் ரெண்டு காலையும் முழங்கால்வரை விட்டான். ஹெப்சிபா நனைத்த துண்டைப் பிழிந்து பிடரியில் போட்டு, நெஞ்சுப் பக்கம் சொட்டாமல் மடித்துவிட்டாள். ஒரு சொம்புத் தண்ணீரை உப்புப் போட்டுக் குடிக்கக் கொடுத்தாள்.

கால் மணி நேரத்தில் சுவர் நேராக நின்றது.

"வெக்கப்படாதீக அண்ணாச்சி," என்றாள் இன்பம். திரையை அவசரத்தில் எல்லோரும் மறந்திருந்தார்கள், அது ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. "நாங்க எல்லாரும் இந்த லட்சணத்துலதான் கிடக்கோம். நீங்க ஒருத்தர் வந்து சேந்திருக்கீக."

அவன் கையால் நெஞ்சை மறைக்கப் பார்த்தான். மறைக்கிற இடத்தில் பிள்ளை இருந்தது.

அரை மணிக்கு ஒருமுறை தொட்டித்தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். கீழே ஊற்றிவிட்டு வேறு மாற்றினார்கள். அஞ்சு தொட்டி ஆனது. பத்திரகாளி ஒவ்வொரு வாளிக்கும் ஜன்னலில் வந்து நின்று, "எம்புட்டு இருக்காம்?" என்று கேட்டாள். முப்பத்தாறு நாலு என்றார்கள். நாலு மணி வாக்கில் தொப்புளுக்கு மேலே, தோல் பழையபடி தொடங்குகிற இடத்தில், ஏதோ இளஞ்சூடாக இறங்குவதை முனியராஜ் உணர்ந்தான். பதறிப்போய்க் கூப்பிட்டான்.

ஹெப்சிபா துணியை விலக்கிப் பார்த்தாள். முதல்தரமாக அவள் சிரித்தாள்.

"ஒண்ணுக்குப் போயிருக்காண்ணே. நெஞ்செல்லாம் போயிருக்கா. உங்களுக்கு இங்க வந்தப்பறந்தான் தெரிஞ்சிருக்கு. குடிச்ச பால் வேலை செய்யிது. சட்டுன்னு துடைச்சிருவோம், ஈரம் காயிறப்ப சூட்டையும் கொண்டுட்டுப் போயிரும்."

துடைத்து, துணி மாற்றி, மறுபடி கட்டியபின் சூடு பார்த்தாள். முப்பத்தாறு ஏழு. அவள் அந்தக் கருவியை அவன் கண்முன் நீட்டினாள். அவனுக்கு எண் கலங்கலாகத் தெரிந்தது. வாசலில் பத்திரகாளி அப்படியே தரையில் உட்கார்ந்து, மடியிலிருந்த வெள்ளரிப்பிஞ்சை எடுத்துக் கடித்தாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் தின்னவில்லை.

மறுநாள் காலை எடை பார்த்தார்கள். தராசுத் தட்டில் ஹெப்சிபா துணியை நாலாக மடித்து விரித்தாள்.

"தட்டு ஜில்லுன்னு இருக்கும்னா?" என்று கேட்டாள் இன்பம்.

"தட்டும் துணியும் ஒரே சூடுதான் டீச்சர். ஒரே ரூமுலதான ராப்பூரா கிடக்கு," என்றான் முனியராஜ். மற்ற கட்டில்காரர்களிடம் அவனாக வாய் திறந்து பேசியது அதுதான் முதல். "வெயில்ல பித்தளைக் கரண்டியும் மரத்துடுப்பும் பக்கத்துல பக்கத்துல கிடக்கும். கரண்டியத் தொட்டாச் சுடும், துடுப்பு சுடாது. பித்தளை வாரிக் குடுத்துரும், மரம் இளுத்துப் பிடிச்சுக் குடுக்கும். எடுக்கிறதும் அப்படித்தான். இந்தத் தட்டு பிள்ளைகிட்டருந்து வெடுக்குனு பிடுங்கிரும்."

"அண்ணே, அடுத்த பேட்ச் டிரெய்னிங்குக்கு உங்களையே கூப்பிடலாம் போல," என்றாள் ஹெப்சிபா, எடையை எழுதிக்கொண்டே. ஒரு கிலோ முன்னூற்று எண்பது. மூன்று நாளாக இறங்கிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது.

அவன் பிள்ளையை வாங்கிய மூன்றாம் நாள் இருபது கிராம் ஏறியது. அன்று மத்தியானம் பிள்ளையை ஹெப்சிபா துணியில் சுற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டு, மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச்சொன்னாள். வேல்விழியின் முகம் வெளுத்து, உதடு வெடித்துக் கிடந்தது. காய்ச்சல் குறைந்திருந்தது.

"மதினிக்குக் காய்ச்சல்னு சொன்னாக. அப்ப பிள்ளைய யாரு வச்சிருக்கா?"

"நாந்தான்."

"நீங்களா? சட்டையோடயா?"

"சட்டை போட்டா சூடு எப்படி இறங்கும்?"

வேல்விழி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சலைன் பாட்டில் சொட்டுவதை அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எனக்குக் காட்டல நீங்க," என்றாள் அவள். "ரெண்டரை வருசமா. நேத்துப் பிறந்தவளுக்குக் காட்டிட்டீக."

அவன் வாயில் வந்ததைச் சொன்னான். "அவ எங்க பாத்தா. கண்ணை மூடிக்கிட்டேதான் கிடக்கா."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் குனிந்தான். அவள் சிரித்துக்கொண்டும் இருந்தாள். அவன் கையை எடுத்துத் தன் கன்னத்துக்கடியில் வைத்துக்கொண்டு, "போங்க, போயி அவளை வாங்குங்க, சிஸ்டருக்கு வேலை இருக்கும்," என்றாள்.

எட்டாம் நாள், அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. வேல்விழிக்குக் காய்ச்சல் முற்றாக விட்டு, தையலும் சுத்தமாகியிருந்தது. காலை பத்து மணிக்கு அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். சளி தீர்ந்த பத்திரகாளிதான் தள்ளிக்கொண்டு வந்தாள். பிள்ளை ஒரு கிலோ ஐநூற்றுப் பத்து.

முனியராஜ் கட்டிலில் சாய்ந்திருந்தான், கால் தொட்டியில். ஹெப்சிபா முடிச்சை அவிழ்த்துப் பிள்ளையை எடுத்தாள். அவன் நெஞ்சு முழுதாக வெளிச்சத்தில் தெரிந்தது. பிள்ளையின் கன்னம் பதிந்திருந்த இடம் மட்டும் வட்டமாகச் சிவந்திருந்தது. வேல்விழி அவசரப்படாமல் பார்த்தாள். பார்த்து முடித்ததும் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கி, தன் நெஞ்சில் போட்டுக்கொண்டாள். பிள்ளை ரெண்டுமுறை தலையைத் திருப்பி மோந்து பார்த்தது. பிறகு அடங்கியது.

"கால் நல்லாச் சூடா இருக்கு," என்றாள் வேல்விழி, பிள்ளையின் பாதத்தைத் தொட்டபடி, யாரிடம் என்றில்லாமல்.

ஆயாம்மா விசிறியைப் போட்டுவிட்டாள். முனியராஜ் எழுந்து நின்றான். சட்டை கட்டில் கம்பியில் தொங்கியது. அவன் இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டான்.

"என்னலே?" என்றாள் பத்திரகாளி.

"குளுருதுக்கா."

பத்திரகாளி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சிவகாசி சுத்துவட்டாரத்துல அக்னி நட்சத்திரத்துல குளுருதுன்னு சொன்ன ஆளு நீ ஒருத்தன்தாம்லே."

இன்பம் வாய்விட்டுச் சிரித்தாள். ஹெப்சிபா குறிப்பேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள். வேல்விழி வயிற்றை ஒரு கையால் அமுக்கிப் பிடித்தபடி, "மதினி, சிரிக்க வைக்காதீக, தையலு இழுக்குது," என்றாள். பிறகு புருசனிடம் சொன்னாள்:

"இவளுக்கு இனி ரெண்டு ஷிப்ட். நாலு மணி வரைக்கும் நான் பாத்துக்கிறேன். நீங்க வெளிய போயி நல்லாச் சாப்பிட்டு, செத்த நேரம் வெயில்ல நின்னுட்டு வாங்க. நாலு மணிக்கு டாண்ணு வந்து வாங்கிக்கங்க."